கோயம்புத்தூர்க்காரர் சொன்ன 'கோர்'

இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வரும் சீனியர் அண்ணன்மார் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'கோர்'. "அந்த வேலை எங்க கோர் இல்லப்பா, வெளியே குடுத்துட்டோம்" என்பார்களாம். கேன்டீனும் ஷிப்ட் பஸ்ஸும் கோர் இல்லை என்றால் புரிகிறது. லைனில் நின்று நாம் செய்யப்போகிற வேலையே கோர் இல்லை என்றால்? கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா என்பதைப் பல இடங்களில் இந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அதை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவர் நம்ம தமிழ்நாட்டில் பிறந்தவர். சி.கே. பிரகலாத், 1941-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தார். முடித்த கையோடு சென்னையில் யூனியன் கார்பைடு பேட்டரி ஆலையில் நாலு வருஷம் வேலை பார்த்தார். தொழிலாளிகளோடும் தொழிற்சங்கத்தோடும் பழகி அங்கே நிறையக் கற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு, 1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படிப்பு, 1975-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம், அதன்பின் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

நிறுவன உத்தி என்ற இந்தத் துறையில் பேராசிரியர் என்னதான் செய்வார் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. நம்மைப்போல் இவர்களுக்கு லேப் கிடையாது, கம்பெனிகள்தான் லேப். ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு கம்பெனிகளை எடுத்து, ஒன்று ஏன் வளர்ந்தது, மற்றது ஏன் தேங்கியது என்று பல வருஷக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பார்கள். பிரகலாத்தும் கேரி ஹாமல் என்பவரும் 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை அப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1980-ல் அமெரிக்காவின் ஜி.டி.இ. கம்பெனிக்கு விற்பனை சுமார் 1,000 கோடி டாலர், ஜப்பானின் என்.இ.சி.க்கு 380 கோடிதான். 1988-ல் ஜி.டி.இ. சுமார் 1,650 கோடி, என்.இ.சி. சுமார் 2,190 கோடி! காரணம் என்ன? ஜி.டி.இ. தன்னைத் தனித்தனி வியாபாரங்களாகப் பார்த்தது. என்.இ.சி. செமிகண்டக்டர், கம்ப்யூட்டர், தகவல் தொடர்பு ஆகியவற்றில் என்ன திறமை வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, மற்ற கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்தாவது அதைக் கற்றுக்கொண்டது.

அவர்கள் சொன்ன உவமை ஒரு மரம். இலையும் பூவும் கனியும் கடையில் விற்கும் பொருள். அடிமரம் என்பது எஞ்சின் மாதிரியான அடிப்படைப் பாகம். வேர்தான் கோர் திறமை. ஹோண்டாவுக்கு எஞ்சின் செய்யும் திறமை வேர்; அதிலிருந்து பைக், கார், ஜெனரேட்டர், புல் வெட்டும் மெஷின் எல்லாம் கிளைத்தன. நம்ம ஒரகடத்திலேயே இதைப் பார்த்திருக்கிறோம். 2010-ல் தொடங்கிய ரெனோ நிசான் ஆலையில் டஸ்டரும் டெரானோவும் செய்தார்கள். முகப்பும் பேட்ஜும் வேறு, உள்ளே ஏறக்குறைய ஒரே வண்டி. இரண்டு இலை, ஒரு மரம்.

எது கோர் என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்வி வைத்தார்கள்: அது பல சந்தைகளுக்குள் நுழைய வழி விடுகிறதா, வாங்குகிறவருக்கு உண்மையான பயன் தருகிறதா, போட்டியாளர் காப்பி அடிப்பது கஷ்டமா. இதில் எங்கேயும் 'சம்பளம் மிச்சமாகுமா' என்ற கேள்வி இல்லை. ஆனால் பல நிர்வாகங்கள் 'கோர் இல்லாததை வெளியே தள்ளு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டன என்பது என் எண்ணம். அந்தக் கட்டுரையோ வெளியே கொடுப்பதைப் பற்றி எச்சரிக்கிறது: அது குறுக்கு வழியாக உதவலாம், ஆனால் மனிதர்களிடம் தங்கும் திறமையை வளர்க்காது. அந்தத் திறமை பயன்படுத்தினால் தேயாது, பயன்படுத்தாவிட்டால் மங்கும்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006-ல் ஆரம்பித்த ஆலை. ஆயிரக்கணக்கான அக்கா, அண்ணன்மார் அங்கே போன் செய்தார்கள். போனை வடிவமைக்கும் திறமையின் வேர் பின்லாந்தில் இருந்தது. ஸ்மார்ட்போன் போட்டியில் நோக்கியா பின்தங்கி, 2014 ஏப்ரலில் போன் தொழிலை மைக்ரோசாப்ட்டுக்கு விற்றது. வரி வழக்கில் மாட்டியிருந்த நம்ம ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது. லைனில் நின்றவர்களின் கைவேகத்தில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐபோனைச் செய்வது ஆப்பிளுக்கு கோர் இல்லை, பாக்ஸ்கான் மாதிரி கம்பெனிகளுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த பாக்ஸ்கானுக்கோ அதுதான் கோர். ஆகவே 'வெண்டார் கம்பெனியா?' என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. அங்கே நமக்கு என்ன கற்றுத்தருவார்கள் என்பதே விஷயம். வருஷா வருஷம் ட்ரெயினியை மாற்றிக்கொண்டே இருந்தால் திறமை யாரிடம் தங்கும்? பிரகலாத்திடமே கேட்டிருக்கலாம், அவர் 2010 ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

அடுத்த மாதம் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்கும்போது தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். டூல் ரூம், டை மெயின்டனன்ஸ், ரோபோ புரோகிராமிங் இதெல்லாம் உங்கள் ஆட்களே செய்கிறார்களா, வெளியிலிருந்து வருகிறார்களா, ட்ரெயினியை அங்கே விடுவீர்களா என்று கேளுங்கள், சார் மேடம் போட்டு மரியாதையாகத்தான்.