பெரட்டுக் களமும் புலனக் குழுவும்



நம் பெற்றோர் காலத்துத் தோட்டத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பொழுது விடியும் முன்னரே தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் வந்து கூடுவார்கள். கிராணியார் பெயர் கூப்பிடுவார். யார் எந்த நிரையில் பால் வெட்டுவது, யார் வெளிக்காட்டுக்குப் போவது என்பதை மண்டோர் சொல்லுவார். கேட்டுக்கொண்டு எல்லாரும் கலைந்து போவார்கள்.

அங்கே சொல் மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே போவதுதான் கடினம். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றால் மண்டோரிடம் சொல்ல வேண்டும். மண்டோர் கிராணியாரிடம் சொல்லுவார். கிராணியார் நேரம் பார்த்துத் துரையிடம் சொல்லுவார். போய்ச் சேரும்போது பாதிச் சொல் வழியிலேயே கரைந்திருக்கும். தனி ஒருவரின் சொல் எட்டாத இடத்திற்குப் பலர் கூடிச் சொல்லும் சொல் எட்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள்தாம் நமக்குக் காட்டின.

இன்று பெரட்டுக் களத்தின் வேலையில் ஒரு பகுதியைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. “இன்று மழை, எட்டு மணிக்கு மேல் வாருங்கள்” என்ற செய்தி அதிகாலையில் புலனக் குழுவில் வருகிறது. வாட்ஸ்அப் என்பதைத்தான் நம் நாட்டில் புலனம் என்று தமிழில் வழங்குகிறோம். வேலைக்கு ஒரு குழு, பள்ளிக்கு ஒரு குழு, கோயிலுக்கு ஒரு குழு என்று ஒரு வீட்டில் மூன்று நான்கு குழுக்கள் இருக்கின்றன. அரசாங்க இலாகாக்களும் இணையத்தின் வழியாகவும் செயலிகளின் வழியாகவும் மக்களிடம் பேசுகின்றன. புகார்களையும் அவ்வாறே பெற்றுக்கொள்கின்றன. இக்கருவிகள் நமக்கு எவ்வாறு பயன்படும், எங்கே நம்மை ஏமாற்றிவிடும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் இதன் அமைப்பை அறிந்துகொள்வோம். தொலைபேசியில் ஒருவர் பேச ஒருவர் கேட்கிறார். வானொலியில் ஒருவர் பேசப் பலர் கேட்கிறார்கள். ஆனால் நீங்கள் திருப்பிப் பேச முடியாது. குழுவிலோ பலர் பேச, பலர் கேட்கலாம். பேசியது நாளும் நேரமும் குறிக்கப்பட்டு எழுத்தாக நிற்கும். நீங்கள் அனுப்பிய செய்தியின் மேல் சற்று நேரம் விரலை அழுத்தி வைத்து, அதன் தகவலைத் திறந்து பாருங்கள். செய்தி யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்ற பட்டியல் தெரியும். படித்ததைக் காட்ட விரும்பாதவர்கள் தனிப்பட்ட உரையாடலில் அதை மறைத்து வைக்கலாம்; குழுவில் மறைக்க முடியாது.

இவ்வளவு வசதி இருந்தும் வேலை நடக்காமல் போவது ஏன்? நாங்கள் அறிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம்.

அங்கே மேல் லயத்து வீடுகளுக்குக் காலையில் தண்ணீர் வராமல் போயிற்று. குடியிருப்பாளர் குழுவில் உடனே செய்திகள் குவிந்தன. “எங்கள் வீட்டிலும் இல்லை” என்றார் ஒருவர். “போன மாதமும் இப்படித்தான்” என்றார் இன்னொருவர். கோபமாகச் சிலர் பேசினார்கள், கேலியாகச் சிலர் படம் போட்டார்கள். பிள்ளைகள் குளிக்காமலே பள்ளிக்கு வந்தார்கள். ஒரு வாரம் கழிந்தது. பிறகுதான் தெரிந்தது, தோட்ட அலுவலகத்திற்கு யாருமே முறையாகச் சொல்லவில்லை என்று! குழுவில் இத்தனை பேர் பேசியிருக்கிறார்களே, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டார்கள்.

பலர் கூடினால் பாம்பு சாகாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அடிப்பவர் இன்னொருவர் என்று எல்லாரும் நினைத்தால் பாம்பு தப்பிவிடும்.

கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எந்தெந்த வீடு, எந்த நாள் முதல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தண்ணீர் இல்லை என்று எழுதினார். காய்ந்த குழாயையும் தொட்டியையும் பிள்ளைகளைக் கொண்டு படம் எடுக்கச் சொன்னார். இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே கடிதமாக எழுதி, வீட்டுக்கு ஒருவர் கையொப்பமிட்டு, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையையும் வாங்கி வந்தார். நான்காம் நாள் பம்பு பழுதுபார்க்கப்பட்டது. குழுவில் ஒரு வாரம் பேசிய பேச்சு செய்யாததை ஒரு தாள் செய்தது.

அப்படியானால் குழு வீண்தானா? இல்லை. எந்தெந்த வீட்டில் தண்ணீர் இல்லை என்பது பெரியவருக்குத் தெரிய வந்ததே குழுவினால்தான். குழு செய்தியைத் திரட்டும். திரட்டிய செய்தியைச் சேர வேண்டிய வாசலில் கொண்டு சேர்க்க ஓர் ஆள் வேண்டும். சொல்வது வேறு, சேர்ப்பது வேறு. இந்த ஒன்றைத்தான் இன்று உங்கள் மனத்தில் பதியவைக்க விரும்புகிறோம்.

வெளிநாடுகளில் இதை உணர்ந்து கருவியையே அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2007-ஆம் ஆண்டில் பிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற இணையச் சேவை ஒன்று தொடங்கப்பட்டது. சாலையில் குழி இருந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் குறையை எழுதலாம். அந்த இடம் எந்த நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு என்று கருவியே கண்டுபிடித்து அங்கே அனுப்பிவிடும். புகார் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கும். சரிசெய்யப்பட்டதா இல்லையா என்று ஊரே பார்க்கலாம். நம் பெரியவர் நோட்டுப் புத்தகத்தில் செய்ததும் இதுதான் அன்றோ? இடம், நாள், படம், சரியான வாசல், எல்லாரும் அறிந்த பதிவு.

தைவான் நாட்டில் வேறொரு முறை. 2015-ஆம் ஆண்டில் ஊபர் வாடகைக் கார்ச் சேவைக்கு என்ன விதிகள் வேண்டும் என்று மக்களிடம் இணையத்தின் வழியாகக் கருத்துக் கேட்டார்கள். அதற்குப் பயன்பட்ட கருவியில் ஒருவர் கருத்துக்கு இன்னொருவர் மறுமொழி எழுத முடியாது. ஒப்புகிறேன், ஒப்பவில்லை என்று குறிக்கலாம். அல்லது தம் கருத்தைத் தனியே எழுதலாம். மறுமொழிக்கு இடம் இல்லாததால் சண்டைக்கும் இடம் குறைந்தது. எதிர் எதிராக நின்றவர்களும் எவற்றில் ஒன்றுபடுகிறார்கள் என்பது வெளிப்பட்டது. கருவியின் அமைப்பு மனிதரின் பேச்சையே மாற்றும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம் குழுக்களிலும் கேள்வியைத் தெளிவாகக் கேட்டு, “ஆம்” அல்லது “இல்லை” என்று மட்டும் பதில் தரச் சொன்னால் பாதிச் சச்சரவு தீரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தொழிலாளர்களின் வீட்டு வசதி பற்றிய 446-ஆம் சட்டம் 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களின் வீடு, தண்ணீர் போன்றவற்றில் முதலாளிக்கு உள்ள கடமைகளை அது வரையறுக்கிறது. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. ஆகவே தண்ணீர்க் குறைக்கு முதல் வாசல் தோட்ட அலுவலகம்; அங்கே பதில் இல்லையென்றால் தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும். வேலையிடக் குறைகளைத் தொழிலாளர்களே கைப்பேசியில் தெரிவிப்பதற்காக மனிதவள அமைச்சு 2021-ஆம் ஆண்டில் ஒரு செயலியையும் அறிமுகப்படுத்தியது. எந்த வழியில் புகார் செய்தாலும் சரி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். எண் இல்லாத புகார் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது பற்றிப் பேசினோம். சேர்க்கும் செய்தியில் எல்லாருடைய குரலும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இதை நாங்கள் எங்கள் பள்ளியிலேயே கற்றுக்கொண்டோம்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பாடங்களைப் புலனக் குழுவில் அனுப்பினோம். சில பிள்ளைகள் உடனே பதில் அனுப்பினார்கள். சிலரிடமிருந்து பதிலே இல்லை. அக்கறை இல்லாத பிள்ளைகள் என்று நாங்கள் எண்ணியதுண்டு. பின்னர் விசாரித்தபோதுதான் உண்மை புரிந்தது. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதையும் தகப்பனார் அதிகாலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அவர் திரும்பி வந்து, சாப்பிட்டு, தொடர்பு கிடைக்கும் மேட்டுக்குப் பிள்ளையை அழைத்துப் போனால்தான் பாடம். அன்று முதல் பதில் வராத பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதி வைத்து, மாலையில் அழைத்துப் பேசினோம். தாளில் அச்சிட்ட பயிற்சிகளை மளிகைக் கடையில் வைத்துவிட்டு வந்தோம். குழுவில் பேசாதவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைப்பது பெரும் பிழை என்பதை அப்போது உணர்ந்தோம்.

வேலையிடத்திலும் இதே நிலைதான். நிர்வாகியும் மண்டோரும் இருக்கும் குழுவில் ஒரு தொழிலாளி, “உரம் போடக் கையுறை கொடுக்கவில்லை” என்று எளிதில் எழுதிவிடுவாரா? எழுதினால் நாளைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுவார். “யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லையே” என்று நிர்வாகம் சொல்லும். அந்த மௌனம் சம்மதம் ஆகாது. ஆகவே தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனிக் குழு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பேசி முடிவெடுத்து, சங்கப் பிரதிநிதியின் வழியாகப் பலர் பெயரில் மேலே அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் குரல் பதிவில் பேசலாம். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அதே குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மலாய் மொழியில் இரண்டு வரி சேர்த்து எழுதினால் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

வேலை நேரம் பற்றியும் ஒரு சொல். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் இரவு பத்து மணிக்கும் மண்டோரின் செய்தி வந்துகொண்டிருந்தால் ஓய்வு எங்கே? பிரான்சு நாட்டில் வேலை நேரத்திற்குப் பின் இத்தகைய செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமை 2017-ஆம் ஆண்டு முதல் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. நம் குழுக்களிலும் அவசரம் தவிர மற்றவற்றை மறுநாள் காலையில் அனுப்புவது என்று பேசி ஓர் ஒழுங்கு செய்துகொள்ளலாம். அவசரம் என்றால் அழைத்துப் பேசலாமே!

இன்னும் ஓர் அபாயம் வதந்தி. பலர் கை மாறி வந்த செய்திக்குப் புலனம் இரட்டை அம்புக் குறி இடுகிறது. 2019-ஆம் ஆண்டு முதல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். பலமுறை கை மாறிய செய்திக்கு 2020-இல் அதையும் ஓர் இடமாகக் குறைத்தார்கள். அந்த நிறுவனமே அஞ்சுகிறதென்றால் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! “தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள்” என்பது போன்ற செய்தி வந்தால், முதலில் அனுப்பியவர் யார் என்று கேளுங்கள். அலுவலகத்திலோ சங்கத்திலோ விசாரித்துவிட்டுப் பிறகு பேசுங்கள். அடையாள அட்டைப் படம், வங்கியிலிருந்து வரும் இரகசிய எண், பிள்ளைகளின் மருத்துவ விவரம் ஆகியவற்றை எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுகிறோம். குறை ஏற்பட்டால் குழுவில் கேளுங்கள். இடம், நாள், நேரம், படம் நான்கையும் திரட்டுங்கள். இதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் இன்னார் என்று அன்றே ஒரு பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். பேசாதவர் யார் என்று தேடிப் போய்க் கேளுங்கள். கொடுத்ததற்குச் சான்றாக முத்திரையோ எண்ணோ வாங்குங்கள். அது கிடைத்ததும், “இன்ன நாளில், இன்னாரிடம் கொடுத்தோம்” என்று குழுவில் தெரிவியுங்கள். செய்தி அழிந்து போகலாம், கைப்பேசி தண்ணீரில் விழலாம். ஆகவே நோட்டுப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

பெரட்டுக் களத்தில் நம் பெற்றோர் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்கள். நம் கையில் இருக்கும் கருவி பேசவும் வழி தருகிறது. பேசிவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், பேச்சைச் சேர வேண்டிய வாசலில் சேர்ப்போமாக.