முப்பத்தொன்றரை ஷில்லிங் நாவல்

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்கள் ஏன் இவ்வளவு குண்டாக இருக்கின்றன? அந்தக் காலத்து ஜனங்களுக்கு நேரம் அதிகம், பொறுமை அதிகம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மான்செஸ்டர் பஞ்சாலையில் நாள் முழுக்க நின்றவனுக்கு ஏதுங்க நேரம்? நாவலின் நீளத்தைத் தீர்மானித்தது விலை. அந்த விலையைத் தாங்கிப் பிடித்தது லெண்டிங் லைப்ரரி.

1821ல் வால்டர் ஸ்காட்டின் 'கெனில்வொர்த்' மூன்று பாகங்களாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் வந்தது. அதாவது ஒன்றரை கினி. அதற்கப்புறம் எழுபது வருஷத்துக்கும் மேலாகப் புது நாவலின் விலை அதுவேதான். நீராவி அச்சு பரவியது, ரயில் வந்தது, 1861ல் காகித வரியும் ஒழிந்தது. எல்லாம் மலிந்தபோதும் புது நாவலின் விலை மட்டும் அசையவில்லை. நூற்றாண்டின் நடுவில் ஒரு பண்ணைக் கூலியாளுக்கு வாரம் பத்து ஷில்லிங் கிடைத்தாலே பெரிது. ஒரு நாவலுக்கு மூன்று வாரக் கூலி! வசதியான நடுத்தரக் குடும்பம்கூட அந்த விலைக்குப் புத்தகம் வாங்கவில்லை. அப்புறம் யார்தான் வாங்கினார்கள்?

சார்லஸ் எட்வர்ட் மியூடி வாங்கினார். லண்டன்காரர், பக்திமான். 1842ல் புத்தகங்களை வாடகைக்கு விடத் தொடங்கியவர், பத்தே வருஷத்தில் நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் பெரிய கட்டிடத்துக்குப் போய்விட்டார். வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா. ஒரு நாவலின் விலையைவிடக் குறைந்த தொகையில் வருஷம் முழுக்கப் படிக்கலாம். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859ல் 1,250 பிரதி அச்சானபோது அதில் 500 பிரதியை எடுத்தது மியூடிதான். நாவல் மட்டுமில்லை, சகலமும் அவர் கடை வழியாகத்தான் வீடுகளுக்குள் போனது. பெட்டி பெட்டியாக இந்தியா வரைக்கும் அனுப்பினார்கள்.

சூட்சுமம் எங்கே என்றால், ஒரு கினிச் சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் தருவார்கள். ஒரு நாவல் மூன்று பாகமாக இருந்தால் முதல் பாகம் ஒரு வீட்டில், இரண்டாவது அடுத்த தெருவில், மூன்றாவது இன்னோரிடத்தில் என்று ஒரே பிரதி மூன்று சந்தாதாரர்களிடம் ஓடிக்கொண்டிருக்கும். நூலகத்துக்கு லாபம். பதிப்பாளருக்கும் கஷ்டமில்லை. அச்சிட்ட விலையில் ஏறக்குறைய பாதிக்குத்தான் மியூடிக்குக் கொடுப்பார், ஆனால் சில நூறு பிரதிகள் நிச்சயமாகப் போய்விடும். வாசகரைத் தேடி அலைய வேண்டாம். விலை அதிகமாக இருந்தால்தானே ஜனங்கள் வாங்காமல் சந்தா கட்டுவார்கள்? அதனால் விலையைக் குறைக்க இரண்டு பேருக்குமே அவசியம் இல்லை.

அவசியம் எழுதுகிறவருக்குத்தான் இருந்தது. கதை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மூன்று பாகம் நிரம்பியாக வேண்டும்.

பிராண்டி சகோதரிகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். மூவரும் ஆளுக்கொரு கதை எழுதி, மூன்றையும் சேர்த்து ஒரு செட்டாகப் பதிப்பாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கடைசியில் எமிலி, ஆன் இருவரின் கதைகளை மட்டும் ஒருவர் எடுத்துக்கொண்டார், அதுவும் ஐம்பது பவுண்டு முன்பணம் கேட்டு. 1847 டிசம்பரில் வந்த மூன்று பாகத்தில் முதல் இரண்டு 'வுதரிங் ஹைட்ஸ்', மூன்றாவது 'ஆக்னஸ் கிரே'. இன்றைக்கு உலகமே கொண்டாடும் ஒரு நாவல், தங்கச்சி நாவலோடு ஒட்டித்தான் வெளியே வர முடிந்தது! சார்லட்டின் 'தி புரொஃபசர்' ஒற்றைப் பாகம், யாருக்கும் வேண்டாம். ஸ்மித் எல்டர் நிறுவனம் மட்டும் மரியாதையாக மறுத்து, மூன்று பாகத்தில் ஏதாவது இருந்தால் பார்க்கிறோம் என்று எழுதியது. அவர் அனுப்பியது 'ஜேன் ஐயர்'. அந்த மறுப்புக் கடிதத்துக்கு நாம் நன்றி சொல்லலாம். 'தி புரொஃபசர்' சார்லட் இறந்த பிறகு 1857லதான் வந்தது.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' (1891) நாவலில் ரியர்டன் என்று ஓர் எழுத்தாளன் வருவான். மூன்றாம் பாகத்தை நிரப்ப முடியாமலே நொறுங்கிப்போகிறவன். பெரிய எழுத்து, அகலமான ஓரம், ஒரு வார்த்தைப் பதில்களாக நீளும் உரையாடல் எல்லாம் பக்கம் நிரப்பும் வித்தைகள்தான். வேடிக்கை என்னவென்றால் அந்த நாவலும் மூன்று பாகம். கிஸ்ஸிங் அதன் உரிமையை 150 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார்.

நீளத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மியூடி தன் கடைக்கு 'செலக்ட் லைப்ரரி' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டுப் பெண்பிள்ளைகள் கூச்சமில்லாமல் படிக்கக்கூடியதை மட்டுமே வைப்பேன் என்று அர்த்தம். 1859ல் ஜார்ஜ் மெரிடித்தின் 'ரிச்சர்ட் ஃபெவரல்' நாவலை 300 பிரதி வாங்கியவர், புகார் வந்ததும் சுற்றிலிருந்து எடுத்துவிட்டார். அரசாங்கம் தடை போடவே வேண்டியதில்லை, மியூடி வாங்காவிட்டால் புத்தகம் செத்தது. ஜார்ஜ் மூர் இதை எதிர்த்து 1885ல் ஒரு காரசாரமான பிரசுரமே வெளியிட்டார். தன் அடுத்த நாவலை விசெட்டெல்லி என்ற பதிப்பாளர் மூலம் ஒரே பாகமாக ஆறு ஷில்லிங்குக்குக் கொண்டுவந்தார். அந்த விசெட்டெல்லி பின்னால் எமிலி ஸோலாவை மொழிபெயர்த்து வெளியிட்டதற்காக 1889ல் ஜெயிலுக்குப் போனார்.

மியூடியைத் தவிர வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. டிக்கன்ஸ் 1836லேயே 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையை மாதம் ஒரு ஷில்லிங் என்று துண்டு துண்டாக விற்றார். முடிகிற நேரத்தில் மாதம் 40,000 பிரதி. ஆனால் தொடருக்கும் அதன் கத்தரிக்கோல் உண்டு. எலிசபெத் காஸ்கெல் தொழில் நகரத்தைப் பற்றி எழுதிய 'நார்த் அண்ட் சவுத்', 1854ல் டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் வந்தபோது இருவருக்கும் ஒரே இழுபறி. பத்திரிகையில் அவசரமாக முடித்த கடைசிப் பகுதியைப் புத்தகத்தில் விரித்து எழுதி, இடம் போதாததால்தான் அப்படி ஆனது என்று முன்குறிப்பும் போட்டார் அம்மணி. ஹார்டியின் 'டெஸ்' 1891ல் பத்திரிகையில் வந்தபோது நடந்தது இதைவிடக் கூத்து. நாயகன் பால்காரப் பெண்களைக் கைகளில் தூக்கித் தண்ணீரைக் கடக்கிற காட்சிக்கு ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் மூன்று பாக நாவலைக் கொன்றது விமர்சகர்கள் அல்ல, கணக்குப் புத்தகம். மலிவுப் பதிப்புகள் முன்னைவிடச் சீக்கிரம் வர ஆரம்பித்ததும் நூலகங்களின் பழைய பிரதிகளை யாரும் வாங்கவில்லை, கிடங்கு நிரம்பியது. 1894ல் மியூடி நிறுவனமும் டபிள்யூ. எச். ஸ்மித்தும் சேர்ந்து, இனிமேல் பாகத்துக்கு நான்கு ஷில்லிங்குக்கு மேல் தர மாட்டோம், மலிவுப் பதிப்பு ஒரு வருஷத்துக்கு வரக்கூடாது என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் வந்த மூன்று பாக நாவல்கள் 184. 1897ல் 4.

தணிக்கை மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 1894லேயே ஒரே பாகமாக வந்த மூரின் 'எஸ்தர் வாட்டர்ஸ்' நாவலை ஸ்மித் எடுக்க மறுத்தார்கள். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, அதைத் தனியாக வளர்க்கும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை அது. மறுத்தும் அது நன்றாக விற்றது. அடுத்த வருஷம் எச். ஜி. வெல்ஸின் 'டைம் மெஷின்' வந்தது. ஒரே உட்காரலில் படித்து முடித்துவிடலாம்.