இன்வாய்ஸ் போனது, பையருக்கு ஏன் போகவில்லை?

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனி. ஜெர்மனி பையருக்கு இன்வாய்ஸை மெயிலில் அனுப்பியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவரோ வரவில்லை என்கிறார். எங்கே போயிற்று?

பட்டனை அழுத்தியதும் மெயில் நேரே பறந்துவிடாது. கம்பெனியின் மெயில் சர்வர் அதை வரிசையில் போடும். பையரின் டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்று டி.என்.எஸ்.ஸில் விசாரித்து, அதன் 25-ஆம் போர்ட்டைத் தட்டும். "அப்புறம் வா" என்று பதில் வந்தால் காத்திருந்து மறுபடி தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை அப்படியே நிறுவினால் 5 நாள் வரை விடாமல் முயலும்.

சிக்கல் வேறிடத்தில். சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982-இல் வந்தபோது அனுப்புநரைச் சோதிக்க அதில் வழியே இல்லை. லாரி பார்சலில் யார் பெயரையும் எழுதி ஒட்டலாம் அல்லவா, அதுபோலத்தான். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரிலேயே ஒரு திருடன் பையருக்கு எழுதலாம். அதைத் தடுக்க வந்தவைதான் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க். முதலாவது, உங்கள் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல். இரண்டாவது டிஜிட்டல் கையெழுத்து. மூன்றாவது, இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற உத்தரவு. இவை சரியாக இல்லாவிட்டால் உங்கள் உண்மையான இன்வாய்ஸும் பையரிடம் சேராமல் போகலாம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தினம் 5,000-க்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது.

சிறிய கம்பெனிக்கு நேரடி அனுப்பல் வீண் தலைவலி. 587-ஆம் போர்ட் வழியாக, கடவுச்சொல்லுடன், உங்களுக்காக மெயிலை அனுப்பித்தரும் நம்பகமான ரிலே சர்வரிடம் ஒப்படைப்பதே மேல். ரிலேயை மாற்றினால் எஸ்.பி.எஃப். பதிவையும் அன்றே மாற்றிவிடுங்கள்.