ஏலத் தொகையைத் தப்பாக டைப் செய்துவிட்டீர்களா?

ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு ஈபே ஏலத்தில் இருக்கிறது. 9.50 டாலர் கேட்க நினைத்தீர்கள். புள்ளி விடுபட்டு 950 ஆகிவிட்டது! போட்டியாளர் தொகையை ஏற்றினால், தளம் உங்களுக்காக 950 வரை தானாகவே கேட்கும்.

பதற வேண்டாம். இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டாலும், ஈபே.காம் தளத்தில் 'ரிட்ராக்ட் பிட்' வசதி உள்ளது. ஏலம் முடிய 12 மணி நேரத்திற்கு மேல் இருந்தால் ரத்து செய்யலாம்; அப்பொருளுக்கு நீங்கள் கேட்ட எல்லாத் தொகைகளும் நீங்கும். அதற்கும் குறைவான நேரமே இருந்தால், கேட்ட ஒரு மணி நேரத்திற்குள் ரத்து செய்ய வேண்டும். கடைசித் தொகை மட்டுமே நீங்கும்.

காரணமாக 'தவறான தொகை' என்பதைத் தேர்ந்தெடுத்து, உடனே சரியான தொகையைக் கேளுங்கள். மனம் மாறியது காரணமாகாது. நேரம் கடந்துவிட்டதா? விற்பவருக்கு எழுதுங்கள், அவரால் ரத்து செய்ய முடியும். கிளிக் செய்யுமுன் புள்ளியைப் பாருங்கள்!