எஸ். முத்துகிருஷ்ணன்: வைரஸ் ஆர்.என்.ஏ. ஆய்வும் மேற்கோள் கணக்கும்

சுப்பரத்தினம் முத்துகிருஷ்ணன் மூலக்கூறு உயிரியலாளர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். தூது ஆர்.என்.ஏ.வின் நுனியில் உள்ள ‘தொப்பி’ என்னும் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் ஒருவர். அந்தத் தொப்பி புரத உற்பத்திக்குத் தேவை என்று காட்டிய 1975ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர். ஆய்விதழ்களில் இவர் பெயர் எஸ். முத்துகிருஷ்ணன் என்று வரும்.

தொப்பியின் கண்டுபிடிப்பு

1970களின் நடுவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் நட்லியில் இருந்த ரோச் மூலக்கூறு உயிரியல் நிறுவனத்தில் ஆரன் ஷாட்கினின் குழு ரியோவைரஸை ஆராய்ந்தது. இதன் மரபுப்பொருள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.; பத்துத் துண்டுகளாக இருக்கும். வைரஸின் வெளிக்கூட்டை நீக்கி, உள்துகளைச் சோதனைக் குழாயில் இட்டு மூலப்பொருட்களைக் கொடுத்தால், செல் எதுவும் இல்லாமலே அது தூது ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும். ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைத் தூது ஆர்.என்.ஏ.க்கள் கலந்து கிடக்கின்றன. தூய்மையான சில வகைகள் மட்டும் வேண்டுமென்றால் அந்நாளில் வைரஸ் ஓர் எளிய வழி.

அந்த ஆர்.என்.ஏ.வின் முன்நுனி வழக்கத்துக்கு மாறாக இருந்தது. மெத்தில் குழு ஏறிய ஒரு குவானோசின், மூன்று பாஸ்பேட்டுகள் வழியாகத் தலைகீழாக இணைந்திருந்தது. மாலையில் முதல் மணியை மட்டும் திருப்பிக் கோத்தது போன்ற அமைப்பு அது. ஃபுருயிச்சி, மார்கன், முத்துகிருஷ்ணன், ஷாட்கின் ஆகிய நால்வரின் கட்டுரை 1975ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் அமியா பானர்ஜியின் குழுவும் பெர்னார்ட் மாஸின் குழுவும் வேறு வைரஸ்களில் இதே அமைப்பைக் கண்டன.

தொப்பி எதற்கு என்பது அடுத்த கேள்வி. முத்துகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் வேதிமுறையில் தொப்பியின் குவானோசினை மட்டும் கழற்றிவிட்டு, எஞ்சிய ஆர்.என்.ஏ.வைக் கோதுமை முளைச் சாற்றில் இட்டனர். புரத உற்பத்தி நின்றுபோனது. முயலின் ஹீமோகுளோபினுக்கான தூது ஆர்.என்.ஏ.விலும் அதுவே நடந்தது. ஆகவே இது வைரஸின் தனிக்குணம் அல்ல. ‘நேச்சர்’ இதழின் 255ஆம் தொகுதியில் ஐந்து பக்கங்களில் வந்த கட்டுரை இது.

இன்ஃபுளுயன்சா வைரஸ் நம் செல்லின் ஆர்.என்.ஏ.விலிருந்து தொப்பியை வெட்டித் திருடிக்கொள்கிறது. கொரோனா வைரஸ் தனக்கான தொப்பியைத் தானே செய்துகொள்கிறது. போலியோ வைரஸ் தொப்பியே இல்லாமல் சமாளிக்கும் விதிவிலக்கு. 2020இன் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளிலும் அந்த இழைக்குத் தொப்பி இட்டே செலுத்துகிறார்கள்.

மேற்கோள் கணக்கில் வராதவை

இவ்வளவு அடிப்படையான கண்டுபிடிப்பு இன்றும் எல்லாக் கட்டுரைகளிலும் மேற்கோள் காட்டப்படும் என்று தோன்றலாம். நடப்பது நேர்மாறு. தொப்பி இப்போது பாடநூல் செய்தி. அதைப் பற்றி எழுதுபவர் பலர் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. சிலர் பிற்கால மதிப்புரை ஒன்றைக் காட்டுவார்கள். முழுமையாக ஏற்கப்பட்டதாலேயே மூலம் மறைந்துபோகும் இந்நிலையைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டும் இதைப் பற்றி எழுதினார். அவர் எழுதியதும் 1975இல்தான்.

கார்ஃபீல்டின் அச்சு அட்டவணையில் இன்னொரு சிக்கல் இருந்தது. மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை முதல் ஆசிரியர் பெயரின் கீழ் மட்டுமே வரும். எனவே தொப்பியின் அமைப்பைச் சொன்ன கட்டுரை ஃபுருயிச்சியின் கணக்கில் சேர்ந்தது. அதன் பணியைச் சொன்னது முத்துகிருஷ்ணனின் கணக்கில் சேர்ந்தது. கூடிச் செய்த வேலையை இப்படிப் பிரிப்பது நியாயமான அளவீடு ஆகாது.

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு வேறு வகை. ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டால் அவர் குறியீடு 20. ஒரே ஒரு கட்டுரை ஐயாயிரம் முறை மேற்கோள் பெற்றாலும் இக்குறியீட்டில் அதன் பங்கு ஒன்றுதான்.

கான்சாஸ் ஆய்வுகள்

முத்துகிருஷ்ணனின் வைரஸ் ஆர்.என்.ஏ. ஆய்வுகள் 1970களைச் சேர்ந்தவை. பிற்கால ஆய்வுகளில் பல கைட்டின் என்னும் பொருளைச் சுற்றியவை. பூச்சிகளின் ஓட்டிலும் பூஞ்சைகளின் செல்சுவரிலும் கைட்டின் உண்டு. நெல்லின் கைட்டினேஸ் மரபணுவைக் கூடுதலாகச் செயல்பட வைத்து, இலையுறை கருகல் நோயைத் தாங்கும் நெல்லை உருவாக்கும் முயற்சி 1995இல் வெளியானது. அதில் இவர் இணை ஆசிரியர். 2005இல் சிவப்பு மாவு வண்டின் கைட்டின் மரபணுக்களை இவரும் கிரேமர், பீமன், அரகானே முதலியோரும் ஆராய்ந்தனர். வண்டுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஊசியால் செலுத்தி ஒரு மரபணுவை முடக்கியபோது வண்டால் தோலுரிக்க முடியவில்லை. ரியோவைரஸில் ஆய்வுப்பொருளாக இருந்த இரட்டை இழை இங்கே கருவியாகிவிட்டது.

பெயரால் வரும் குழப்பம்

தரவுத்தளங்களில் ‘முத்துகிருஷ்ணன் எஸ்.’ என்று தேடினால் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த பலரின் கட்டுரைகள் ஒன்றாகக் கொட்டும். குடும்பப் பெயர் இருக்கும் என்று எண்ணி அமைக்கப்பட்ட முறை அது. தமிழரின் முன்னெழுத்து தந்தையின் பெயர். சில வேளை ஊரின் பெயர். திருவட்டாற்றைச் சேர்ந்த ஒருவர் ஊரையும் தந்தையையும் முன்னெழுத்தாக்கினால், கட்டுரைக்குக் கட்டுரை அவர் பெயர் வேறு வேறு வடிவில் பதிவாகலாம். 2012இல் தொடங்கிய ஆர்சிட் என்ற இலவச அடையாள எண் இதற்கு ஓரளவு தீர்வு. ஆய்வில் இறங்கும் மாணவர் முதல் கட்டுரையை அனுப்புமுன் இந்த எண்ணைப் பெற்று, பெயரை ஒரே வடிவில் எழுதத் தொடங்குவது நல்லது. 1975ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை. அவற்றில் எந்த எஸ். முத்துகிருஷ்ணன் என்று அறிய, உடன் ஆசிரியர்களின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.