கரண்ட் இல்லாத கடற்கரைக் குடில்

கடற்கரையில் வாடகைக் குடில் என்றால் ஏசி, வைஃபை, வாசல்வரை கார் என்றுதான் எதிர்பார்ப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் பிராவின்ஸ்டவுன் மணல்மேட்டுக் குடில்களில் மின்சாரமே கிடையாது!

19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் உடைந்த கப்பல்கள் ஏராளம். தத்தளித்தவர்களைக் காப்பாற்ற ஒரு மீட்பு நிலையம் அமைந்தது. அதன் ஊழியர்களைப் பார்க்க வரும் குடும்பத்தார் தங்குவதற்காக எழுந்த பலகைக் குடில்களே தொடக்கம். பிறகு எழுத்தாளர்களும் ஓவியர்களும் தேடி வந்தார்கள்.

மீட்புப் பணி நின்றுபோன பழைய நிலையத்தையே வீடாக்கிக்கொண்டு, 1919 முதல் சில கோடைகளைக் கழித்தவர் நாடக ஆசிரியர் யூஜின் ஓநீல். 1936-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர். அந்த வீட்டை 1931-இல் கடல் கொண்டுபோய்விட்டது.

1961-இல் இந்தப் பகுதி தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. இன்று சில குடில்களில் ஒரு வாரம் தங்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

பெயர் வந்தாலும் சொகுசு இல்லை. கைபம்பில் அடித்தால்தான் தண்ணீர். இருட்டினால் மண்ணெண்ணெய் விளக்கு. கழிப்பறைக்கு வெளியே போக வேண்டும். அரிசி, பருப்பு எதுவானாலும் மணலைத் தாண்டித்தான் வந்து சேர வேண்டும். குப்பையும் அதே வழியில்தான் திரும்ப வேண்டும்.

காற்று மணலை ஓயாமல் நகர்த்துவதால் பல குடில்கள் மரக்கால்கள்மேல் நிற்கின்றன. மணல் மூட வந்தால், வாசலில் குவிந்ததை மண்வெட்டியால் அள்ளித் தள்ளுவார்கள். அப்படியும் முடியாவிட்டால் குடிலையே உயர்த்திக் கட்டுவார்கள்.