தறிப்பயிற்சியும் தமிழ்ப்பயிற்சியும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில் அமைந்தது தாமல் என்னும் ஊர். பழந்தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்று இவ்வூர்ப் பெயரால் வழங்கிற்று. இன்றோ அங்குள்ள பேரேரியைச் சொன்னால்தான் பலருக்கு ஊர் நினைவிற்கு வருகிறது. தாமல் முதலிய ஊர்கள் சூழ்ந்த காஞ்சி வட்டாரத்தின் பட்டுத்தறியை ஒரு தமிழாய்வுக் கட்டுரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. செயற்கை அறிவு பெருகிவரும் இக்காலத்தில் கல்வியையும் பயிற்சியையும் எவ்வாறு திருத்தியமைப்பது என்னும் வினா எங்கும் எழுந்துள்ளது. அதற்கு விடை தேடுவோர் பிறநாட்டு அறிக்கைகளையே புரட்டுகின்றனர். கைத்திறனின் ஒரு கூற்றைப் பொறி மேற்கொண்டபோது பயிற்சிக்கு யாது நேர்ந்தது என்பதை நம் தறி முன்னரே காட்டியிருக்கிறது.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்புக் கோர்வை என்பர். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும்படி, ஊடையைத் தனித்தனி நாடாக்களாற் செலுத்தி, இரண்டும் கூடுமிடத்தில் பிணைத்து நெய்யும் முறை அது. மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒருவரே அவற்றை இயக்குதல் அரிது. ஆகலின் கரை நாடாவைத் தள்ளித் தருவதற்குத் துணையாள் ஒருவர் பக்கத்தே அமர்வது வழக்கம். பூவேலைக்குப் பண்டு அடை என்னும் முறை இருந்தது. பூவின் உருவரையை நூற்கட்டுகளாகப் பாவோடு பிணைத்து வைத்து, அவற்றை முறையே இழுத்து, உரிய இழைகள் மேலெழுமாறு செய்வர். இவ்வேலையிலும் துணையாளின் கை வேண்டும். துணையாளுக்குக் கிடைத்த கூலி சிறிது. ஆயினும் எந்த இழைக்குப்பின் எது எழும், பாவு எவ்வளவு இறுகியிருத்தல் வேண்டும், ஊடை எங்கே தளர்ந்தது என்பனவற்றையெல்லாம் அவர் அவ்விடத்தே அமர்ந்து கற்றார். கற்பிக்கிறோம் என்று ஒருவரும் எண்ணவில்லை. நெய்யும் வேலையே பாடமாகவும் இருந்தது.

பின்னர் ஜக்கார்டுப் பெட்டி வந்தது. பிரான்சில் 1804-இல் உருவான இக்கருவியில் உருவரை துளையிட்ட அட்டைகளில் அடங்கும். துளை உள்ள இடத்திற்குரிய இழை எழும். இல்லாத இடத்திற்குரியது எழாது. (சார்லசு பாபேசு தம் கணிக்கும் பொறிக்கு இவ்வட்டைகளையே மேற்கொண்டார், அப்பொறியைப் பற்றி 1843-இல் குறிப்புகள் வெளியிட்ட அடா லவ்லேசு அதனை நெசவோடு ஒப்பிட்டார். இன்றைய கணிப்பொறியின் முன்னோருள் தறியும் ஒன்று என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி.) அட்டை வந்தபின் பூவின் அமைப்பறிவு தறியை விட்டுக் கட்டத்தாளில் வரைபவரிடமும் அட்டை துளைப்பவரிடமும் சென்றது. இப்பொழுது அதுவும் பெரும்பாலும் கணிப்பொறித் திரைக்கு மாறிவிட்டது. சேலை முன்போலவே வருகிறது. சில நேரங்களில் முன்னினும் நுண்ணிதாக வருகிறது. தறியில் அமர்ந்து கற்பவர் அடையின் வழியாகப் பெற்ற அறிவு மட்டும் எவரும் அறியாமல் நீங்கிற்று.

பழமையைப் போற்றி அழுவது நம் நோக்கமன்று. துணையாளின் இருக்கையில் அமர்ந்தோருள் பலர் பள்ளிக்குச் செல்லாத சிறுவர். கடனுக்குப் பிணையாக வைக்கப்பட்டோரும் அவருள் இருந்தனர். இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறுவர் நிலை குறித்து மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. அவ்விருக்கை ஒழிந்தது நன்றே. ஆனால் அங்கே நிகழ்ந்த கல்வியை வேறிடத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் எழாதது குறையேயாகும்.

இனித் தமிழ்த்துறைக்கு வருவோம். நம் துறையிலும் அத்தகைய துணையாள் இருக்கை ஒன்று உண்டு. ஏடு பெயர்த்தெழுதல், பாடவேறுபாடு குறித்தல், சொற்பிரித்தல், மேற்கோளின் இடம் காணல் ஆகியன தொடக்கநிலை மாணவர்க்குரிய வேலைகள். சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் இவ்வேலைகளின் வழியே பதிப்பாசிரியரானார்.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்கட்கு வரிவடிவ வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. எனவே வயலைப் பாடும் மருதப்பாட்டில் 'செறு' என்பதும் 'சேறு' என்பதும் ஏட்டில் ஒன்றாகவே தோன்றும். முன்னது வயல், பின்னது வயலில் உள்ள சேறு. பொருள் இரண்டிற்கும் இடந்தரலாம். அப்பொழுது யாப்பு துணைசெய்யும். செறு குறிலிணை, ஆதலின் நிரையசை. சேறு நெடில் முதலாக வருதலின் வேறு அசைநிலை பெறும். சீரும் தளையும் நோக்கி ஒன்றைக் கொள்ளலாம். அவையும் முடிவு தாராவிடின் ஐயத்தை ஐயமாகவே குறித்தல் வேண்டும். இவ்வாறு நூறு இடங்களில் தயங்கிய மாணவரே பின்னர்ப் பிறர் பதிப்பை மதிப்பிட வல்லவராவர்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இத்தயக்கத்திற்கு இடமே இல்லாத நிலை உருவாகி வருகிறது. இத்தகைய பொறிகள் பெருந்தொகையான எழுத்துகளைக் கொண்டு, ஒரு தொடருக்குப்பின் எக்கூறு வரத்தகும் என்பதைக் கணிக்கப் பழக்கப்பட்டவை. அவை கற்ற எழுத்தில் தமிழின் பங்கு சிறிது. சங்கத்தமிழின் பங்கு அதனினும் சிறிது. ஆயினும் விடை தடையின்றி வருகிறது. இல்லாத பாட்டெண்ணும் இல்லாத உரையும் உள்ளனபோல் தோன்றுவதுண்டு.

கருவி எதுவாயினும் ஒன்றே எனச் சிலர் கூறுவர். இஃது ஆராயத்தக்கது. வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் வெளிவந்தது. இலேமான், மால்டன் ஆகியோரின் சங்க இலக்கியச் சொல்லடைவு 1992-இல் வந்தது. இவற்றால் எவர் பயிற்சியும் கெடவில்லை. சொல்லடைவு சொல் வரும் இடத்தைக் காட்டி நின்றுவிடும். பொருள் காண மாணவர் பாட்டிற்குள் சென்றே தீரவேண்டும். புதிய பொறியோ பொருளையும் தானே கூறி, பாட்டிற்குள் செல்லவேண்டிய தேவையை நீக்கிவிடுகிறது. வேறுபாடு இங்கேதான் உள்ளது.

இதனை விலக்கிவிடலாம் என்பாரோடும் நாம் உடன்படவில்லை. வீட்டிலும் ஊரிலும் ஐயம் கேட்க ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர்க்கு நள்ளிரவிலும் விடைதரும் பொறி ஒரு பேறு. யுனெசுகோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறைப் பயன்பாட்டிற்குப் 13 வயதைக் கீழெல்லையாகப் பரிந்துரைத்தது. அது பள்ளிக்குப் பொருந்தும் அளவை. முதுகலையில் எல்லையை வகுக்கவேண்டியது மாணவர் அடைந்துள்ள பயிற்சியின் நிலையைக் கொண்டேயாம்.

எனவே முதற்பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஏட்டின் சில பக்கங்களையேனும் பொறியின் துணையின்றிப் பெயர்த்தெழுதுதல் வேண்டும் என்பது நம் கருத்து. காஞ்சி வட்டாரக் கல்லூரிகட்குச் சென்னையிலுள்ள கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உ. வே. சா. நூலகமும் தொலைவில் இல்லை. ஏடு கிடையாத இடத்தில் அதன் நிழற்படம் போதும். ஐயுற்ற இடங்களைத் தனித்தாளில் காரணத்தோடு குறிக்கச் செய்து, மதிப்பெண்ணில் பெரும்பகுதியை அத்தாளுக்கே வழங்கலாம். இரண்டாம் பருவத்தில் அதே பகுதிக்குப் பொறி தரும் படிப்பையும் உரையையும் கொடுத்து, அவற்றின் பிழைகளை நாட்டச் சொல்லலாம். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், ஆய்வேட்டின் மேற்கோள்களுள் தேர்வாளர் விரும்பும் மூன்றனுக்கு மூலநூலைத் திறந்து, முன்னும் பின்னும் உள்ள அடிகளோடு பொருள் கூறுமாறு கேட்டல் வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தேர்வு நேரத்தில் கால்மணி கூடுதலாக ஒதுக்கினால் போதும்.